மாதாவுக்குச் செய்த கப்பல்

ஆறாம் அத்தியாயம்

"இந்தக் கப்பலுக்கு எந்தப் பக்கம் சார் படிக்கட்டு?" என்று கேட்டான் பூமாலை.

துப்பறியும் சக்கரபாணி நிமிரவில்லை. மேசைமேல் விரித்திருந்த பெரிய காகிதத்தின் நான்கு மூலைகளிலும் தம்ளர்களை வைத்து அழுத்தியிருந்தார். விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்த அறைக்குள், ஒவ்வொரு ரயில் நகரும்போதும் தம்ளர்கள் ஒன்றாக நடுங்கின.

"படிக்கட்டைப் பத்தி உனக்கு என்ன கவலை?"

"நான் கண்டக்டர் சார். படிக்கட்டு இல்லாத வண்டியை எனக்குப் பார்க்கத் தெரியாது."

பூமாலை திண்டிவனம் தடத்தில் கண்டக்டராக இருந்தவன். பஸ் முதலாளியின் மைத்துனரிடம் டிக்கெட் கேட்டதால் வேலை போயிற்று. சக்கரபாணி ரயில்வேயில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். பாலம் ஒன்று ஏன் இடிந்தது என்று உண்மையைச் சொன்னதால் அவருக்கும் வேலை போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து துப்பறிய ஆரம்பித்து மூன்றாவது வருடம் இது.

கதவோரம் நாற்காலியின் நுனியில் சூசை மேரி உட்கார்ந்திருந்தாள். நரைத்த வெள்ளைப் புடவை, கையில் ஜெபமாலை. 1954இல் சைகோனிலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்த 'மர்செலின்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் அவள் கணவர் பாக்கியசாமி ஏறினார். இறங்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் மேல்தளத்தில் கிடந்தது. அவர் தாமாகவே கடலில் குதித்துவிட்டார் என்று கப்பல் கம்பெனி விசாரித்து எழுதி முடித்தது. அதோடு இப்போது ஏழு வருடம் போய்விட்டது.

"தற்கொலைன்னு எழுதினதால கோயில்ல பூசை இல்லைங்கய்யா," என்றாள் அவள். "கல்லறைத் திருநாள் அன்னைக்கு ஊருல செத்தவங்க பேரெல்லாம் படிப்பாங்க. அவரு பேரு மட்டும் வராது. நான் தலையக் குனிஞ்சிக்கினு நிப்பேன். எனக்கு வேற எதுவும் வாணாம். ஒரு பூசை வைக்கணும். மணி அடிக்கணும். சாமியாரு சொல்லிட்டாரு, தானா குதிக்கலைன்னு ஒரு அத்தாட்சி கொண்டாம்மா, நானே கயித்தப் புடிச்சி அடிக்கிறேன்னு."

"தற்கொலைன்னு எதை வச்சு முடிவு பண்ணாங்க?"

"ரெண்டு விஷயம் சொன்னாங்க. அந்தக் கம்பி நெஞ்சு உயரமாம். ஏறிக் குதிச்சாத்தான் உண்டு, தானா வுழ முடியாதாம். இன்னொண்ணு..." அவள் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டாள். "என் கூடப் பொறந்த அண்ணன் ராயப்பனும் அதே கப்பல்லதான் வந்தான். உயிரோட இருக்கவே புடிக்கலைன்னு அவரு பொலம்பிக்கினு இருந்தாருன்னு அவனே சாட்சி சொன்னான். பொய் சொல்ற ஆளில்லைங்க. அவரு போன துக்கத்துல, பார்த்து வச்ச பொண்ணைக்கூட வாணாம்னுட்டு இன்னைக்கு வரைக்கும் ஒண்டியா கெடக்கிறான். இந்தப் படத்தையெல்லாம் குடுத்ததும் அவன்தான்."

சக்கரபாணி பூமாலையை அருகே கூப்பிட்டார். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று யாருக்காவது விளக்கிச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் அவர் முகத்தில் தனிக் களை வந்துவிடும்.

"இது தளப்படம். கப்பல் டிக்கெட் விக்கிற ஏஜெண்டுகிட்ட இருக்கும். எந்த ரூம் வேணும்னு பயணி விரலை வச்சுக் காட்டறதுக்காக அச்சடிச்சது. கப்பலை மாடி மாடியாக் கத்தியால அறுத்து, ஒவ்வொரு மாடியையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி போட்டிருக்கான். இது அடித்தட்டு, மூணாம் வகுப்பு. ராயப்பன் இங்க படுத்திருந்தார். கடல் மயக்கத்துல ஒரு நாள்கூட மேலே ஏறலைன்னு எழுதிக் குடுத்திருக்கார். இது ரெண்டாம் வகுப்பு, பாக்கியசாமி அறை. இது எல்லாத்துக்கும் மேல் தளம். ஓரமாப் போற இந்தக் கோடுதான் கைப்பிடிக் கம்பி. எங்கேயாவது அறுந்திருக்கா பார்."

"சுத்தி வருது சார். நம்ம ஜெயில் சுவரு மாதிரி."

"கண்ணாடி கிடந்தது இங்க. இடப்பக்கம், கடைசிப் படகுக்குக் கீழே. இப்ப இந்த போட்டோக்களைப் பார்." கப்பல் கம்பெனி விற்ற அஞ்சலட்டைகள் அவை. "கப்பலோட மூக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"சோத்தாங்கைப் பக்கம். எல்லாத்துலயும்."

"ஒரு பஸ்ஸோட மூஞ்சி உன் வலது கைப் பக்கம் இருந்தா, பஸ்ல உனக்கு எது தெரியும்?"

பூமாலை கண்ணை மூடி ஒரு பஸ்ஸை நிறுத்திப் பார்த்தான். "டிரைவர் சீட்டு. படிக்கட்டு அந்தாண்டப் பக்கம் போயிடும்."

"அவ்வளவுதான். இத்தனை படத்துலயும் தெரியறது கப்பலோட வலப்பக்கம். அழகா இருக்கற பக்கத்தையே காட்டியிருக்கான். பாக்கியசாமி விழுந்த இடப்பக்கத்தை யாருமே பார்க்கலை. கம்பெனிக்காரன் தளப்படத்தைப் பார்த்துட்டு 'கம்பி இருக்கு, நெஞ்சு உயரம்'னு எழுதிட்டான். ஆனா தளப்படம் கப்பல் கட்டின வருஷம் போட்டது. கப்பல் எப்படி இருக்கணும்னு அது சொல்லும். அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது."

சூசை மேரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எங்கண்ணன் செஞ்ச கப்பலைப் பார்த்தா தெரியாதுங்களா?"

இருவரும் திரும்பினார்கள்.

"சைகோன் துறைமுகத்துல தச்சு வேலை பார்த்தவன்ங்க. கரை சேர்ந்தா மாதாவுக்குக் கப்பல் செஞ்சு வைக்கிறேன்னு நேர்ந்துக்கினானாம். இந்தப் படத்தையெல்லாம் வச்சிக்கினு, ஒரு வருஷம் ராப்பகலா உக்காந்து செஞ்சான். திண்டிவனம் மாதா கோயில்ல இருக்குது. அதே கப்பல்தான்."

சக்கரபாணி தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தளப்படம் தானாகச் சுருண்டுகொண்டது.

"பூமாலை, திண்டிவனத்துக்கு அடுத்த பஸ் எப்போ?"

"எனக்கு டிக்கெட் குடுக்கிற பஸ்ஸா, என்னைக் கண்டா நிக்காம போற பஸ்ஸா சார்?"

---

மயிலம் மலை வலப்புறம் வந்து மறைந்தது. வழியெல்லாம் பூமாலை புதுக் கண்டக்டரின் விசில் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டு வந்தான். சூசை மேரி ஜன்னலோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள்.

மாதா கோயில் வாசலில் வீரம்மாள் என்ற கிழவி வறுத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள்; அந்த ஊரில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். பூமாலை ஒரு பொட்டலம் வாங்கினான்.

"உள்ள தின்னாத. கோயில்பிள்ளை கண்டா காதத் திருகுவாரு," என்றாள் அவள்.

கோயில்பிள்ளை அடைக்கலராஜ், கோயிலைக் கூட்டுவதிலிருந்து மணி அடிப்பது வரை எல்லாம் பார்ப்பவர். கப்பலைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் தாமே கட்டியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழைத்துப் போனார்.

மாதா சுரூபத்தின் பக்கத்தில், மரத் தாங்கியின்மேல் நின்றது 'மர்செலின்'. ஒரு குழந்தைத் தொட்டில் நீளம் இருக்கும். கறுப்பு உடல், வெள்ளை மாடிகள், இரண்டு புகைபோக்கிகள். குண்டூசித் தலை அளவில் ஜன்னல்கள். பூமாலை குனிந்து ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தான்.

சக்கரபாணி தளப்படத்தைத் தரையில் விரித்தார். பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். முன்னாலிருந்து ஆரம்பித்தார்.

"நங்கூரச் சங்கிலி, சரி. காத்துக் குழாய், வாய் முன்னாடி பார்த்திருக்கணும், பார்க்குது. படிகள், சரி. பூமாலை, படகுகளோட நம்பரைப் படி. வலப்பக்கத்துப் படகுக்கெல்லாம் ஒத்தைப்படை, இடப்பக்கத்துக்கு ரெட்டைப்படை. அதுதான் கப்பல் வழக்கம்."

"இந்தாண்ட ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு." பூமாலை சுற்றி வந்தான். "அந்தாண்ட ரெண்டு, நாலு, ஆறு..." நிறுத்தினான். "எட்டு இறங்கிடுச்சு சார்."

இடப்பக்கம், கடைசி இடத்தில் படகு இல்லை. படகைத் தொங்கவிடும் இரண்டு வளைந்த கைகள் மட்டும் வெறுமையாக நின்றன. அவற்றுக்குக் கீழே மேல்தளத்தின் கைப்பிடிக் கம்பி ஒரு ஆள் அகலத்துக்கு அறுந்திருந்தது. அந்த இடைவெளியை ஒரு மெல்லிய நூல் கயிறு மூடியிருந்தது.

"தச்சருக்கு மரம் பத்தலை போல," என்றான் பூமாலை.

"மரம் பத்தாதவர் இந்தக் கதவுக்கெல்லாம் கடுகளவு கைப்பிடி வச்சிருப்பாரா? தளப்படத்துல எட்டாம் நம்பர் படகு இருக்கு. கம்பி இருக்கு. அஞ்சலட்டைல இந்தப் பக்கமே இல்லை. அப்ப இந்தக் கயிறு எங்கேயிருந்து வந்துச்சு?"

"அந்தக் கயிறா?" அடைக்கலராஜ் குறுக்கே வந்தார். "அது பெரிய பேஜாரு புடிச்ச கயிறுங்க. நான் எடுத்து எடுத்துக் கட்டுவேன், அது அவுந்து அவுந்து தொங்கும். நேத்துகூடக் கட்டினேன்."

"தானா அவிழுமா?"

"எலின்னுதான் நினைக்கிறேன். இல்லைன்னா ராயப்பன் துடைக்கிறப்ப கை படுதோ இன்னாவோ. மாசம் தவறாம வந்து எண்ணெய் போட்டுத் துடைப்பாரு. நல்ல மனுசன். ஆனா அவரு வந்துட்டுப் போனா போதும், இந்த ஒரு முனை அவுந்து கெடக்கும். கலியாணம் ஆகாத ஆம்பளை வேலை, அப்பிடித்தான் இருக்கும்."

பூமாலை சிரித்தான். சக்கரபாணி சிரிக்கவில்லை. கயிற்றின் முனையைப் பூதக்கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்தார்.

சூசை மேரி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். சக்கரபாணி அவளிடம் கேட்டார்: "கப்பல் வந்த அன்னைக்கு அதோட இடப்பக்கம் தெரியற மாதிரி யாராவது போட்டோ எடுத்தாங்களாம்மா?"

அவள் யோசித்தாள். பாண்டிச்சேரியில் அந்த நாளில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; பயணிகள் படகில் இறங்கிக் கரைக்கு வர வேண்டும்.

"எங்க சின்னதுரை மாமா குடும்பமும் அதுலதான் வந்துச்சு. படகுல உக்காந்துக்கினு வரும்போதே போட்டோ எடுத்துக்கினாங்க. இந்த ஊரு சீனுவாசன் ஸ்டுடியோக்காரருதான் இன்னொரு படகுல போயி எடுத்தாரு. ஆனா அதுல கப்பல் தெரியாதுங்க. வெறும் மூஞ்சிதான்."

"உங்க அண்ணன் பட்டறை இந்த ஊர்லதானே? அங்க போய் இருங்கம்மா. நாங்க வர்றோம்."

---

ஸ்டுடியோ சீனுவாசன் நெற்றியில் நாமமும் விரல்களில் மருந்துக் கறையுமாக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"கப்பல் இருந்துதுங்க. நான்தான் வெட்டிட்டேன். 'எங்க மூஞ்சி பெருசா தெரியணும், கப்பலு எதுக்கு, அதான் இறங்கியாச்சே'ன்னு சின்னதுரை வீட்டம்மா சொன்னாங்க. காகிதத்துலதான் வெட்டினது. கண்ணாடித் தகடு முழுசா இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடறதில்லை."

உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்தார். சக்கரபாணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கீழே படகில் கறுத்த முகங்களும் வெள்ளைத் தலைமுடியுமாக ஒரு குடும்பம். பின்னால், பேய் போல வெளுத்து, 'மர்செலின்'.

"பேய்க் குடும்பம் சார் இது," என்றான் பூமாலை.

"நெகட்டிவ்ல வெள்ளை கறுப்பாத் தெரியும், கறுப்பு வெள்ளையாத் தெரியும். தெரியாதா?"

"எங்க மாமியார் பேச்சு மாதிரி. தலைகீழா எடுத்துக்கிட்டா சரியா இருக்கும்."

சக்கரபாணி முதலில் கப்பலின் பெயரைப் பார்த்தார். எழுத்துகள் நேராக இருந்தன. தகடு திரும்பியிருந்தால் வலமும் இடமும் மாறிவிடும். அதனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கப்பலின் மூக்கு இடது கைப் பக்கம் இருந்தது. ஆகவே தெரிவது இடப்பக்கம். பூதக்கண்ணாடியைப் படகு படகாக நகர்த்தினார். இரண்டு. நான்கு. ஆறு. பிறகு வெறும் வளைந்த கைகள்.

"இருக்கு," என்றார். குரல் இறங்கிவிட்டது. "ராயப்பன் சரியாத்தான் செஞ்சிருக்கார். கடைசிப் படகு இல்லை. ஏதோ புயல்ல அடிபட்டுப் படகும் போயிருக்கு, கம்பியும் போயிருக்கு. அவசரத்துல கயிறு கட்டி ஓட்டியிருக்கான்."

பூமாலை பூதக்கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தான். "கயிறு தெரியுது சார்! ரெண்டு கயிறு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அப்ப நெஞ்சு உயரக் கம்பியுமில்லை, ஒண்ணுமில்லை. மனுசன் சாஞ்சாரு, வுழுந்தாரு. தற்கொலை இல்லை சார், விபத்து! சாமியாருக்கு இது போதாதா? இருங்க, நான் ஜல்தியா அந்தம்மாகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

"பூமாலை, நில்லு—"

அவன் தெருவில் இறங்கி ஓடியே விட்டான். ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கிய கால்கள் அவை.

சக்கரபாணி மறுபடியும் தகட்டைத் தூக்கிப் பிடித்தார். மேல்கயிறு தகட்டில் வெளுப்பாகத் தெரிந்தது. அப்படியானால் நிஜத்தில் அது கருத்து அழுக்கேறிய பழைய கயிறு. கீழ்க்கயிறு தகட்டில் கன்னங்கரேலென்று இருந்தது. நிஜத்தில் அது வெள்ளை வெளேரென்ற புதுக் கயிறு. பழையது ஏற்கெனவே இருந்தது. புதியதைப் பிறகு கட்டியிருக்கிறார்கள். இருக்கிற கயிறு போதவில்லை என்று தெரிந்த பிறகுதானே ஒருவன் இரண்டாவது கயிறு கட்டுவான்?

"என்ன சார், முகம் செத்துப்போச்சு?" என்று கேட்டார் சீனுவாசன். "நல்ல சேதிதானே?"

"இந்தத் தகட்டை ஒரு நாள் கடன் குடுங்க," என்றார் சக்கரபாணி. "பத்திரமா வச்சிக்கறேன்."

---

அவர் கோயிலுக்குத் திரும்பியபோது எல்லோரும் கப்பலின் முன்னால் கூடியிருந்தார்கள். பங்குச் சாமியார் வெள்ளை அங்கியில் நின்றிருந்தார். சூசை மேரி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், புருவத்தில் மரத்தூள் படிந்த ஓர் உயரமான மனிதர், இரண்டு கைகளையும் என்ன செய்வது என்று தெரியாதவர் போல நின்றார். ராயப்பன்.

"கேட்டியாண்ணா, கம்பியே இல்லையாம்! வெறும் கயிறாம்! அவரு குதிக்கலைண்ணா!" அவள் அண்ணனின் கையைப் பிடித்து ஆட்டினாள். "நீ செஞ்ச கப்பலை வச்சித்தான் கண்டுபுடிச்சாங்களாம். மாதாதான் உன் கையால செய்ய வச்சிருக்கா."

ராயப்பன் தலையை ஆட்டினார்.

"தம்பி எல்லாம் சொன்னார்," என்றார் சாமியார் சக்கரபாணியிடம். "அந்தப் போட்டோவைப் பார்த்துட்டா எனக்குப் போதும். நாளைக்கே பாட்டுப் பூசை வச்சிடலாம்."

"பாருங்க சாமி." சக்கரபாணி தகட்டைக் கொடுத்தார். சாமியார் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு ராயப்பன் பக்கம் திரும்பினார். "இவ்வளவு நுணுக்கமான வேலையை நான் ரயில்வேயிலகூடப் பார்த்ததில்லைங்க. ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கயிறு தளப்படத்துலயும் இல்லை, அஞ்சலட்டையிலயும் இல்லை. நீங்க மேல்தளத்துக்கு ஏறவும் இல்லை. அப்புறம் எப்படிக் கட்டினீங்க?"

ராயப்பன் உடனே பதில் சொன்னார். "இறங்கறப்ப பார்த்தேங்க. படகுல வந்துக்கினு இருக்கும்போது திரும்பிப் பார்த்தேன்."

"அதானே," என்றான் பூமாலை. "எல்லாரும் அந்தப் பக்கந்தானே இறங்கினாங்க."

"சரிதான்," என்றார் சக்கரபாணி. "ஆனா இறங்கறப்ப ரெண்டு கயிறு இருந்துச்சு. சாமி கையில இருக்கற தகடு சொல்லுது. நீங்க ஒண்ணுதான் கட்டியிருக்கீங்க."

பூமாலை வாயில் போட்ட மல்லாட்டையை மெல்லாமல் நிறுத்தினான்.

"மறந்திருப்பேன்," என்றார் ராயப்பன்.

"கடுகளவு கைப்பிடியை மறக்கலை. பரவாயில்லை, இப்பச் செஞ்சிடலாம்." சக்கரபாணி சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்து நீட்டினார். "வேண்டுதல் கப்பல் குறையா நிக்கக் கூடாது. ரெண்டாவது கயித்தையும் கட்டி, இருந்தது இருந்தபடி மாதாவுக்கு முடிச்சுக் குடுத்துடுங்க."

ராயப்பன் நூலை வாங்கினார். கப்பலின் அருகே போனார். விரல்கள் அறுந்த கம்பியின் ஓரத்தைத் தொட்டன, அங்கேயே நின்றன. மாதா சுரூபத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நூல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

பிறகு அவருடைய விரல்கள், எண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கத்தில், அடைக்கலராஜ் கட்டி வைத்திருந்த முடிச்சுக்குப் போயின. ஒரு முனையை அவிழ்த்தன. கயிறு சரிந்து கப்பலின் ஓரமாகத் தொங்கியது.

"இப்படித்தான் இருந்துச்சு," என்றார் ராயப்பன்.

"அட, எலின்னு நெனச்சிக்கினு..." என்று ஆரம்பித்த அடைக்கலராஜ் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சூசை மேரிக்கு இன்னும் புரியவில்லை. அண்ணன் முகத்தையும் சக்கரபாணி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சக்கரபாணி மெதுவாகச் சொன்னார். விளக்கம் சொல்லும்போது வழக்கமாக அவர் முகத்தில் வரும் களை இப்போது இல்லை. "முதல்ல இருந்தது ஒரு கயிறு. அது அவிழ்ந்து ஒருத்தர் விழுந்தாரு. மாலுமிங்க வந்து பார்த்து, பழையதை இழுத்துக் கட்டி, பயத்துல இன்னொண்ணும் கட்டினாங்க. கம்பெனிக்கும் சொல்லலை. அப்ப, ஒரே கயிறு, ஒரு முனை அவிழ்ந்து தொங்கினதைப் பார்த்தவன் யாரு? மாலுமிங்க வர்றதுக்கு முன்னாடி அங்க நின்னவன்."

"அண்ணா?" என்றாள் சூசை மேரி.

ராயப்பன் முழந்தாளிட்டிருந்தார். எப்போது முழந்தாளிட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"சைகோன்ல எனக்கு ஒருத்தி இருந்தா. ரெண்டு புள்ளைங்க. வுட்டுட்டு வந்துட்டேன். ஊருல எனக்குப் பொண்ணு பார்த்து வச்சிருந்தாங்க இல்ல. மச்சானுக்கு எல்லாம் தெரியும். விடியற நேரத்துல மேல வரச் சொன்னாரு. அந்தக் கயித்துல முதுகு சாஞ்சிக்கினு நின்னாரு. 'கோயில்ல உன் கல்யாண ஓலை வாசிக்கட்டும், தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியாரு கேக்கறப்ப நான் எழுந்து நிப்பேன்'னாரு. கோவமாக்கூடச் சொல்லலை. என் தோள்மேல கைய வச்சிக்கினு சொன்னாரு."

ராயப்பன் அறுந்த கம்பியை நோக்கிக் கையை நீட்டினார்.

"முடிச்சு என் கைகிட்ட இருந்துச்சு. துறைமுகத்துல தெனம் அவுக்கிற முடிச்சு. ஒரு இழுப்பு." அவர் வலது கையைப் பார்த்தார். "கத்துவாருன்னு நெனச்சேன். கத்தலை. தண்ணியிலிருந்து என்னைத்தான் பார்த்தாரு. நான் கத்தியிருந்தா கப்பலை நிறுத்தியிருப்பாங்க. கீழ போய்ப் படுத்துக்கினேன்."

சூசை மேரி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. "இன்னா நேர்ந்துக்கினே?" என்று கேட்டாள். "இந்தக் கப்பலு. கரை சேர்ந்தா செய்யறேன்னு சொன்னியே. மாதாகிட்ட இன்னா கேட்டே?"

ராயப்பன் தரையைப் பார்த்துச் சொன்னார். "யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு."

"அப்புறம் எதுக்கு அதை அவுத்து அவுத்து வுட்டே?"

"வெள்ளைக்காரன்கிட்ட பொய் சொன்னேன். உங்கிட்ட சொன்னேன். சாமியாருகிட்டயும் சொன்னேன். மாதா எதிர்ல வைக்கிற பொருள்ல எப்படி பொய் வைக்கிறது? செய்யறப்ப கட்டித்தான் பார்த்தேன். தூங்க முடியலை. அவுத்து வுட்டாத்தான் தூக்கம் வந்துச்சு."

பூமாலை மல்லாட்டைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தான். "போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போறேன் சார்," என்றான். போகும்போது அவன் ஓடவில்லை.

ராயப்பன் எழுந்து ஓட முயலவில்லை. சாமியார் கண்ணாடித் தகட்டைச் சக்கரபாணியிடம் திருப்பிக் கொடுத்தார். "மணி அடிக்கணும்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு தாமே மணிக் கூண்டை நோக்கி நடந்தார்.

பழக்க தோஷத்தில் அடைக்கலராஜ் கப்பலின் பக்கம் கையை நீட்டி, தொங்கிய கயிற்றின் முனையை எடுத்தார்.

"கட்டாதீங்க," என்றாள் சூசை மேரி.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அவரு போன வழி அது. அப்படியே இருக்கட்டும். பார்க்கிறவங்க பார்க்கட்டும்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீண்ட கோயிலைக் கடந்து வாசலுக்கு வந்தாள். சக்கரபாணி சற்றுப் பின்னால் நடந்தார். காலையில் இவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

மேலே மணி ஒலித்தது. சாவு மணி. ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடியும் ஒரு அடி. தெருவில் போன மாட்டுவண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்தார். எதிர்க்கடையில் தராசு நின்றது.

மல்லாட்டைக் கூடைக்குப் பின்னால் இருந்த வீரம்மாள் எழுந்து நின்றாள். சாவு மணி கேட்டால் அந்தத் தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்வியை, ஏழு வருடமாகச் சூசை மேரியிடம் ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியை, அவள் கேட்டாள்.

"யாரும்மா செத்தது?"

சூசை மேரி தலையை நிமிர்த்தினாள்.

"எங்கூட்டுக்காரரு," என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி. "பேரு பாக்கியசாமி."